வாப்பாவின் குரல் இடையில் அறுந்துவிடாமல்...

எங்கள் உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. கைத்தொலைபேசியில் படம் பார்ப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. திரை சிறியது, தெரியாமல் விரல் பட்டால் படம் எங்கேயோ ஓடிவிடுகிறது, நடுவில் யாராவது அழைத்தால் எல்லாம் மறைந்துவிடுகிறது. ஆனால் முன்மண்டபத்தில், பின்னல் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய வீடியோ டெக்கை மட்டும் அவர் யாருடைய உதவியும் இன்றி இயக்குவார். கெசட்டைத் தள்ளினால் உள்ளே போகும். ஒரு பொத்தானை அழுத்தினால் படம் ஓடும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வாப்பா சவூதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்த டெக் அது. வாப்பா போய்விட்டார், டெக் இன்னும் ஓடுகிறது.

சென்ற நோன்புப் பெருநாளைக்கு முன்னர் உம்மா ஓர் ஆசையைச் சொன்னார். கட்டாரில் இருக்கும் பேத்தி அனுப்பிய படங்கள், தம்பியின் கலியாணத்தில் எடுத்தவை, 1994 ஆம் ஆண்டில் உறவினர் ஒருவர் சிறிய கெமராவில் பிடித்த வாப்பாவின் படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கெசட்டில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். பழைய நாடாவில் இருந்ததையெல்லாம் நான் முன்னரே கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். ஆகவே, "இது என்ன பெரிய வேலை?" என்று எண்ணிக்கொண்டு கணினியையும் டெக்கையும் வயரால் இணைத்து, பன்னிரண்டு படத்துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பதிந்தேன். ஒரு துண்டு முடிந்ததும் டெக்கை நிறுத்திப் பிடிப்பேன். அடுத்ததைத் தேடி எடுத்து மீண்டும் ஓடவிடுவேன்.

ஒரு வாரம் கழித்து, "வாப்பாவைப் பார்த்தீங்களா உம்மா?" என்று கேட்டேன்.

"வாப்பா எங்க மகன் அதில வந்தார்? நீலமா வந்திச்சு. கெசட் முடிஞ்சிட்டு எண்டு கழட்டி வெச்சிட்டன்" என்றார்.

வாப்பாவின் படம் நாலாவது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் நான் விட்ட வெற்றிடத்தில் திரை நீலமாகியிருக்கிறது. உம்மா அத்துடன் எழுந்துவிட்டார். பக்கத்தில் அமர்ந்து மீதியையும் ஓடவிட்டுக் காட்டினேன். வாப்பா வந்தார், பேசினார், சிரித்தார். படம் சட்டென்று அடுத்ததற்குத் தாவியது. உம்மாவின் முகம் மாறியது.

"கடைசியா 'போதும் மகன், நிப்பாட்டு' எண்டு சொல்லுவாரே, அது எங்க?"

அந்த மூன்று சொற்களை டெக் விழுங்கியிருந்தது. மூலப்பிரதி கணினியில் பத்திரமாக இருந்ததனால் நான் தப்பினேன். அன்று முதல் நான் கேட்டும் செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றை, இப்படியொரு கெசட் தயாரிக்க விரும்பும் வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

நாடாவுக்குள் நடப்பது என்ன?

வீ.எச்.எஸ். கெசட்டின் நாடா 12.7 மில்லிமீற்றர் அகலமானது. டெக்கினுள்ளே 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளை சுழல்கிறது. நமது நாட்டுத் தொலைக்காட்சி முறையான பீ.ஏ.எல். முறையில் அது நிமிடத்துக்கு 1500 தடவை, அதாவது செக்கனுக்கு 25 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதிலுள்ள காந்த முனைகள் நாடாவின் மீது சாய்வாக இரண்டு கோடுகளை எழுதுகின்றன. ஒரு கோடு பாதிப் படம்; இரண்டு சேர்ந்தால் ஒரு முழுப்படம். நாடாவின் ஓர் ஓரத்தில் ஒலி எழுதப்படுகிறது. மறு ஓரத்தில், தாளம் தட்டுவதுபோல ஒழுங்கான இடைவெளியில் சிறு குறிகள் எழுதப்படுகின்றன. படத்தை ஓடவிடும்போது டெக் இந்தக் குறிகளைப் பார்த்துத்தான் சாய்ந்த கோடுகளைச் சரியாகத் தேடிப் பிடிக்கிறது.

பதிவை ஓரிடத்தில் நிறுத்தி, வேறோரிடத்தில் தொடங்கினால் இந்தத் தாளம் தப்பிவிடுகிறது. டெக் மீண்டும் தாளத்தைப் பிடிக்கும்வரை படம் உருளும், கோடு கோடாக இழுபடும். இடையில் ஒன்றுமே பதியப்படாத பகுதி இருந்தால் பல டெக்குகள் நீலத் திரையைக் காட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னர் இருந்த பதிவை அழிக்கும் முனை, சாதாரண வீட்டு டெக்குகளில் உருளைக்குச் சற்று முன்னால் தனியாக நிற்கிறது. அழிப்பு முனைக்கும் உருளைக்கும் இடைப்பட்ட நாடாவில் பழைய படம் அழியாமலே இருக்கும். அதன் மேலேயே புதிய படம் எழுதப்படும். பழைய படமுள்ள கெசட்டில் ஒட்டும்போது சில செக்கன்களுக்கு நிறங்கள் நீந்துவதுபோலத் தெரிவது இதனால்தான். விலை கூடிய சில டெக்குகளிலும் கெமராக்களிலும் அழிப்பு முனை உருளையிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

வாப்பாவின் சொற்கள் போனது எப்படி? பதிவின் நடுவே டெக்கை நிறுத்திப் பிடித்தால், அது நாடாவைச் சிறிது பின்னோக்கி இழுத்துக்கொள்கிறது. பழைய தாளத்தைக் கேட்டுப் புதியதை அதனுடன் பொருத்துவதற்காகவே அவ்வாறு செய்கிறது. ஆனால் பின்னே இழுபட்ட அந்தச் சிறு துண்டின் மேல் அடுத்த படம் எழுதப்பட்டுவிடும். நீலத் திரைக்கோ நானே காரணம். அடுத்த படத்தைத் தேட நேரமாகிவிட்டது. நாடாவும் முனைகளும் தேய்ந்துவிடக் கூடாதென்று பல டெக்குகள் ஐந்து நிமிடமளவில் தாமாகவே நின்றுவிடும். எங்களுடையதும் நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கும்போது, இருப்பதை அழித்துவிடுவேனோ என்ற பயத்தில் நாடாவைச் சற்று முன்னே ஓடவிட்டேன். அந்தப் பயம்தான் வெற்றிடமாயிற்று.

ஒட்டுவது கணினியில், ஓட்டம் ஒன்றே

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். துண்டுகளை நாடாவில் ஒட்டக் கூடாது. எல்லாவற்றையும் கணினியிலேயே ஒட்டி, ஒரே நீண்ட படமாக்கி, டெக்கை இடையில் ஒரு தடவையேனும் நிறுத்தாமல் முதலிலிருந்து முடிவுவரை பதிய வேண்டும்.

இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஷொட்கட், ஓப்பன்ஷொட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருகாலத்தில் பலரும் பயன்படுத்திய விண்டோஸ் மூவி மேக்கரை அதன் நிறுவனம் 2017 ஜனவரியோடு கைவிட்டுவிட்டது.

முதலில் எல்லாத் துண்டுகளையும் ஒரு புதிய கோப்புறையில் பிரதி செய்துகொள்ளுங்கள். வேலை முழுவதும் பிரதியில்தான்; மூலத்தில் கைவைக்கவே வேண்டாம். பின்னர் ஒரு கொப்பியில் வரிசையை எழுதுங்கள்: எது முதலில், எங்கே தொடங்கி எங்கே முடிவது, அதில் யார் பேசுகிறார். அரை மணித்தியாலம் எழுதுவதற்குச் செலவிட்டால் கணினியின் முன் பல மணித்தியாலங்கள் மிச்சமாகும்.

அடுத்து, துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கெமராப் படங்கள் செக்கனுக்கு 25 படங்கள் கொண்டவை. இன்றைய கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் 30 அல்லது 60 பிடிக்கின்றன. அதுவும் வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். இவற்றை அப்படியே கலந்தால் அசைவு திக்கித் திக்கி வரும். பேசும் வாய்க்கும் கேட்கும் குரலுக்கும் மெல்ல மெல்ல இடைவெளி விழும். ஆகவே தொலைபேசிப் படங்களை முதலில் செக்கனுக்கு 25 என்ற மாறாத கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். படத்தின் அளவை 720க்கு 576 என்றும், வடிவத்தை நாலுக்கு மூன்று என்றும், ஒலியை 48,000 ஹேர்ட்ஸ் என்றும் வைத்துக்கொண்டால் பழைய தொலைக்காட்சிக்குப் பொருந்தும்.

தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தின் இரு பக்கமும் கறுப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். திரையை நிரப்புவதற்காக இழுத்தால் பிள்ளையின் முகம் தாம்பாளம் போலாகிவிடும். பழைய படங்களில் அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால், இரண்டு பாதிப் படங்களும் சரியாகச் சேரவில்லை என்று அறியலாம். அதை நீக்கும் வசதி மென்பொருளிலேயே உண்டு. பெயர், ஆண்டு போன்றவற்றை எழுதுவதாயின் நடுப்பகுதியிலேயே எழுதுங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டி படத்தின் நான்கு ஓரங்களையும் மறைத்துவிடும். ஒவ்வொரு பக்கமும் பத்திலொரு பங்கை விட்டுவிடுவது பாதுகாப்பு.

எங்கே வெட்டுவது?

பன்பாய் இழைப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பன் முடியும் இடத்தில் அடுத்ததை நுனியோடு நுனி வைக்கமாட்டார்கள். பழையதன் மேல் புதியது சற்றுத் தூரம் சேர்ந்தே ஓடும். பிறகு பழையது மறையும். பாயைத் தடவிப் பார்த்தாலும் ஒட்டு எங்கே என்று தெரியாது. படத்தை ஒட்டுவதும் அவ்வாறே. அதிலும் முதலில் ஒட்ட வேண்டியது ஒலி.

கண்ணுக்குப் படம் மாறுவது பெரிதாக உறுத்துவதில்லை. காதுக்குத்தான் உறுத்தும். கலியாண வீட்டு இரைச்சல் சட்டென்று அறுந்து, அமைதியான அறை வந்தால் பார்ப்பவர் திடுக்கிடுவார். ஆகவே முதல் துண்டின் ஒலியை அடுத்த படத்தின் கீழே ஒரு செக்கன் அளவுக்கு ஓடவிட்டு, மெல்லத் தேயவிடுங்கள். அதே நேரத்தில் புதிய ஒலி மெல்ல எழட்டும். எல்லாத் துண்டுகளின் ஒலியும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதும் அவசியம். உம்மா ஒவ்வொரு படத்துக்கும் றிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாதல்லவா?

ஒருவர் பேசத் தொடங்குமுன் ஒரு மூச்சும், பேசி முடிந்தபின் ஒரு மூச்சும் விட்டு வெட்டுங்கள். சொல்லின் நடுவில் வெட்டாதீர்கள். துஆவோ கிராஅத்தோ பதிவாகியிருந்தால் அது நிறைவடையும் இடம்வரை விடுங்கள். ஒரே நிகழ்ச்சியின் இரு துண்டுகளாயின், யாரோ திரும்பும்போது, எழும்பும்போது, கதவு திறக்கும்போது என ஓர் அசைவின் மேல் வெட்டினால் ஒட்டு தெரியாது. வேறு வேறு நிகழ்ச்சிகளாயின் படம் ஒரு செக்கனில் மெல்லக் கறுத்து, இரண்டு செக்கன் கறுப்பாக இருந்து, பின்னர் அடுத்தது மெல்ல வெளிச்சமாகட்டும். ஆண்டையும் ஊரையும் அந்தக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தில் போட்டால், கெசட் முடிந்துவிட்டதென்று யாரும் எழும்பமாட்டார்கள்.

கலியாண வீடியோக்களில் இதய வடிவம் விரிவதும், படம் புத்தகத் தாள்போலப் புரள்வதும், மணமகன் சுழன்று சுழன்று வந்து விழுவதும் ஒருகாலத்தில் பெரிய நாகரிகம். கணினியில் அவையெல்லாம் இன்றும் இருக்கின்றன. கைவைக்காமல் விடுவதே நல்லது. பார்ப்பவர் மனிதர்களைப் பார்க்கத்தான் வருகிறார்.

தொடக்கத்தில் 30 செக்கன் கறுப்பும் முடிவில் 30 செக்கன் கறுப்பும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுங்கள். அதைக் கணினியில் ஒருமுறை முழுமையாகப் பாருங்கள். கெசட்டுக்குப் போனபின் திருத்த முடியாது.

பதியும் நாள்

வீ.எச்.எஸ். டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் புனாய், 2016 ஜூலையுடன் அதை நிறுத்திவிட்டது. எனவே நம்மிடம் இருப்பவற்றைக் கொண்டே சமாளிக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் கெசட்டுகளில் குறைவாக ஓடிய ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதில் வேறெங்கும் இல்லாத படம் எதுவும் இல்லையென்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். கரையோர ஊர்களின் ஈரக் காற்றில் இது சாதாரணம். அத்தகைய கெசட்டை டெக்கினுள் போடவே கூடாது, முனைகள் பாழாகிவிடும். கெசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்ரிக் மூடி உடைக்கப்பட்டிருந்தால், அந்தத் துளையை ஒட்டுநாடாவால் மூடினால்தான் டெக் பதியும்.

இன்றைய கணினிகளில் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. வாய் மட்டுமே உண்டு. அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களுக்கு மாற்றும் சிறு பெட்டியொன்று தேவை. வாங்கும்போது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வீ.க்கு மாற்றுவதாகப் பார்த்து வாங்குங்கள்; மறுபுறம் மாற்றுவது வேறு பெட்டி. அதன் பக்கத்திலுள்ள சிறு ஆளியைப் பீ.ஏ.எல். பக்கம் வையுங்கள். மறுபக்கம் இருந்தால் படம் நிறமிழந்தோ உருண்டோ வரும். வயர்களை டெக்கின் உள்வாங்கும் துளைகளில் செருகி, டெக்கை ஏ.வீ. அலைவரிசைக்கு மாற்றி, வேகத்தை எஸ்.பீ.யில் வையுங்கள். ஈ-180 கெசட்டில் இந்த வேகத்தில் 3 மணித்தியாலம் பதியலாம்.

பதியுமுன் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். திரை தானாக அணைவதையும் கணினி உறங்குவதையும் நிறுத்துங்கள். அறிவிப்பு ஒலிகளை மூடுங்கள்; இல்லாவிட்டால் யாரோ அனுப்பிய செய்தியின் மணியோசை வாப்பாவின் பேச்சுக்கு நடுவில் என்றென்றைக்கும் ஒலிக்கும். படத்தைத் திரை முழுவதும் பரப்பி, முதற் கறுப்பிலேயே நிறுத்தி வையுங்கள். அம்புக்குறி மறைந்ததும் டெக்கில் பதிவை அழுத்துங்கள். பத்து வரை எண்ணுங்கள். பிறகு கணினியில் ஓடவிடுங்கள். நாடாவின் தொடக்கப் பகுதி எளிதில் தேய்ந்துபோகும். அந்த இடத்தில் கறுப்பு மட்டுமே இருக்கட்டும்.

முதலில் இரண்டு நிமிடம் பதிந்து, திருப்பி ஓடவிட்டு, நிறமும் இரு பக்க ஒலியும் சரியா என்று பாருங்கள். சரியென்றால் நாடாவை முதலுக்குச் சுற்றி, முழுவதையும் பதியுங்கள். நடுவில் மின்சாரம் போனால் ஒட்டுப்போட நினைக்காமல் முதலிலிருந்து தொடங்குங்கள். முடிந்தபின் மூடியை உடைத்துவிடுங்கள், அல்லது ஒட்டுநாடாவைக் கழற்றிவிடுங்கள். அதன்பின் யாரும் தவறுதலாக அதன்மேல் பதிய முடியாது. அதுமட்டுமல்ல, மூடி இல்லாத கெசட்டை உள்ளே தள்ளியதும் பல டெக்குகள் தாமாகவே ஓடத் தொடங்கும். முதியவர்களுக்கு அந்த ஒரு பொத்தானும் மிச்சம்.

பின்னொரு நாள் புதிய துண்டொன்றைச் சேர்க்க வேண்டி வந்தால், கடைசியில் விட்ட அந்த 30 செக்கன் கறுப்பின் நடுவிலிருந்து பதிவைத் தொடங்குங்கள். ஒட்டு கறுப்பிலேயே புதைந்துவிடும்.

சிறிய கெசட் கெமரா உள்ளவர்களுக்கு

1995 ஆம் ஆண்டில் அறிமுகமான மினி டீ.வீ. கெசட்டை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கெசட்டில் படம் எண்களாகவே பதியப்படுகிறது. ஒரு மணித்தியாலப் படம் கணினியில் ஏறக்குறைய 13 கிகாபைட் இடம் பிடிக்கும். ஃபயர்வயர் என்னும் வயரால் கணினியிலிருந்து கெமராவுக்குத் திருப்பி எழுதினால் தரம் குறையாது. ஆனால் அந்த வாய் இன்றைய புதிய கணினிகளில் இல்லை. பழைய கணினியொன்று வேண்டும். ஐரோப்பாவில் விற்கப்பட்ட பல கெமராக்களில், சுங்க வரி காரணமாக வெளியிலிருந்து பதியும் வசதி அடைக்கப்பட்டிருந்தது. உறவினர் கொண்டுவந்தது அத்தகையதாக இருக்கலாம்.

இங்கும் விதி அதுவே: ஒரே ஓட்டம். இந்த நாடாவில் மணித்தியாலம், நிமிடம், செக்கன், படம் என நேரக்கணக்கொன்றும் கூடவே எழுதப்படுகிறது. இடையில் வெற்றிடம் விட்டால் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பிறகு கணினியால் இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாமற் போகும். செக்கனுக்கு 3.6 மெகாபைட் அளவில் இடையறாது செல்ல வேண்டியிருப்பதால், பதியும்போது கணினியில் வேறு வேலை எதையும் செய்யக் கூடாது. கணினி தடுமாறினால் படமும் துள்ளும்.

கடையா, வீடா?

இவற்றைச் செய்து தரும் கடைகளும் உண்டு. ஆனால் நமது வீட்டுப் படங்களில் பெண்கள் பகுதியில் எடுத்தவை இருக்கும். பெருநாள் காலையில் சமையலறையில் எடுத்தவை இருக்கும். அவற்றை அந்நியர் கையில் கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். இந்த வேலையில் பெண்களுக்கு முடியாதது எதுவுமில்லை. தையலில் இரு துணிகளைப் பொருத்தத் தெரிந்த கைக்கு இது இலகுவாகவே வரும். எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை வெட்டும் இடங்களைச் சொன்னவர் என் மனைவிதான். நான் எலியைப் பிடித்து அழுத்தினேன், அவ்வளவே. படத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று: கெசட் உம்மாவுக்காக. குடும்பத்துக்காக அந்த ஒரே கோப்பையும் மூலத் துண்டுகளையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். டெக் ஒருநாள் நின்றுவிடும்.

பெருநாளைக்கு மறுநாள் மாலை உம்மா புதிய கெசட்டைத் தள்ளினார். அது தானாகவே ஓடத் தொடங்கியது. நாற்பது நிமிடமும் அவர் அசையவில்லை. பேத்தி வந்தாள், கலியாணம் வந்தது, திரை மெல்லக் கறுத்து "1994" என்று எழுத்து வந்தது. வாப்பா பேசினார். முடிவில், கெமராவைப் பார்த்துக் கையை அசைத்து, "போதும் மகன், நிப்பாட்டு" என்றார்.

உம்மா என் பக்கம் திரும்பினார். "இப்ப சரி" என்றார். ஒட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.